முழங்கால் தேய்மான வலிக்கு டென்ஸ் கருவி: சரியாகப் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி, அதிலிருந்து கிளம்பும் இரண்டு ஒயர்கள், ஒயர் முனைகளில் தோலில் ஒட்டிக்கொள்ளும் நான்கு பேடுகள். டென்ஸ் கருவி என்றால் இவ்வளவுதான். பேட்டரியில் ஓடும் இந்தப் பெட்டி, சின்னச் சின்ன மின்துடிப்புகளைத் தோல் வழியாக நரம்புகளுக்கு அனுப்புகிறது. முழங்கால் தேய்மானத்தால் வருடக்கணக்கில் வலியோடு வாழ்பவர்கள் பலர் இதை வாங்குகிறார்கள். அதில் பலர் சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லை" என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே இது ஒத்துவராது. மற்றவர்கள் கருவியை மிகக் குறைந்த அளவில் வைத்து, சாய்ந்து உட்கார்ந்து, அணைத்த பிறகு வலி குறைந்திருக்கிறதா என்று தேடியவர்கள். டென்ஸ் தரும் நிவாரணம் பெரும்பாலும் அது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கிடைக்கும். அந்த நேரத்தில் எழுந்து நடக்க வேண்டும், தொடைத் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

உள்ளே என்ன நடக்கிறது

1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் வலியைப் பற்றி ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். தொடுதல், அழுத்தம் போன்ற உணர்வுகளைத் தடிமனான நரம்பிழைகள் வேகமாகக் கொண்டு செல்கின்றன. வலியை மெல்லிய இழைகள் மெதுவாகக் கொண்டு செல்கின்றன. இரண்டும் தண்டுவடத்தில் ஒரே வாயிலைத்தான் கடந்தாக வேண்டும். தடிமனான இழைகள் மும்முரமாக இருந்தால் வலிக்கான வாயில் ஓரளவு மூடிக்கொள்கிறது. அடிபட்ட இடத்தை நாம் தன்னிச்சையாகத் தேய்த்துவிடுவதற்கும் காரணம் இதுதான். டென்ஸ் அந்தத் தடிமனான இழைகளை விடாமல் தூண்டிக்கொண்டிருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை என்று பின்னர் தெரியவந்தது. மின்துடிப்பு, உடல் தானே சுரக்கும் வலிநிவாரணிப் பொருள்களையும் கிளப்பிவிடுகிறது. குறைந்த வேகத் துடிப்பு, மார்ஃபின் வகை மருந்துகள் போய் ஒட்டும் அதே ஏற்பிகள் வழியாக வேலை செய்கிறது; அதிக வேகத் துடிப்பு வேறு வகை ஏற்பிகள் வழியாக. வேகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வேறுபாடு தேவைப்படும்.

டென்ஸ் எதைச் செய்யாது என்பதிலும் தெளிவு வேண்டும். தேய்ந்த குருத்தெலும்பை இது வளர்க்காது, எலும்பு முனைப்புகளைக் கரைக்காது, தேய்மானத்தின் வேகத்தைக் குறைக்காது. "மூட்டைப் புதுப்பிக்கும்" என்று சொல்லி விற்கப்படும் எந்த மின்கருவியையும் அந்த வாசகத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

பணம் செலவழிக்கும் முன் இதை அறிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. முழங்கால் தேய்மானத்துக்கு டென்ஸ் பலன் தருகிறதா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2009-ல் அலசியது. கிடைத்த ஆய்வுகள் எல்லாம் சிறியவை, தரமும் குறைவு. உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று முடித்தது. அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், முழங்கால், இடுப்புத் தேய்மானத்துக்கு டென்ஸ் வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் 2022-ல் அதையே சொன்னது. அதே ஆண்டு வெளிவந்த, 220 முழங்கால் நோயாளிகளைக் கொண்ட ஓர் ஆய்வில் உண்மையான டென்ஸுக்கும் போலி டென்ஸுக்கும் வலிக்குறைவில் வித்தியாசம் தெரியவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. பல வகை வலிகளில் நடந்த 381 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2022-ல் வெளியான ஓர் அலசல், கருவி ஓடும்போதும் அணைத்த உடனேயும் வலி குறைகிறது, பெரிய பக்கவிளைவுகள் இல்லை என்று கண்டது. ஃபைப்ரோமயால்ஜியா (உடல் முழுக்க நாள்பட்ட வலி தரும் நோய்) உள்ள 301 பெண்களிடம் நடந்த, 2020-ல் வெளியான ஆய்வில், அன்றாட வேலைகளைச் செய்யும் நேரத்தில் வலுவான அளவில் டென்ஸ் போட்டவர்களுக்கு அசையும்போது வரும் வலி குறைந்தது. நோய் வேறு என்றாலும், எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

இதையெல்லாம் வைத்து என் கருத்து இதுதான்: முழங்கால் வலிக்கு டென்ஸ் முதல் சிகிச்சை அல்ல, தனிச் சிகிச்சையும் அல்ல. உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும்தான் அடித்தளம். வலியால் பயிற்சியே செய்ய முடியாதவருக்கு, மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கு, ஒரு துணையாக இதைச் சோதித்துப் பார்ப்பது நியாயம். சோதித்துப் பார்ப்பது என்றால், பலன் இல்லையென்றால் விட்டுவிடத் தயாராக இருப்பது.

படி 1: உங்களுக்கு ஏற்றதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

பேஸ்மேக்கர் அல்லது இதயத் துடிப்பைச் சீராக்கும் வேறு கருவி உடலுக்குள் இருந்தால் நீங்களாகத் தொடவே கூடாது. கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் பயன்படுத்தக் கூடாது. காலில் ரத்தக் கட்டி இருந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ வேண்டாம். புண், வெட்டு, தோல் தொற்று, புற்றுநோய் உள்ள இடத்தின் மேல் பேட் ஒட்டக் கூடாது. அதே முழங்காலில் செயற்கை மூட்டோ கம்பியோ திருகோ இருந்தால் அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இந்தக் கருவியைக் கழுத்தின் முன்புறத்திலோ தலையிலோ மார்பின் குறுக்கேயோ எதற்காகவும் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் வேறு யாராவது தோள் வலிக்கோ கழுத்து வலிக்கோ கருவியைக் கேட்டால் இதை நினைவில் வையுங்கள்.

நீண்டநாள் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு சோதனை செய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலைச் சுற்றிப் பஞ்சால் தொடச் சொல்லுங்கள். பிறகு பேனா முனையால் லேசாகத் தொடச் சொல்லுங்கள். இரண்டும் வேறுவேறாகத் தெரிய வேண்டும். உணர்வு மங்கிய தோலில் மின்சாரம் எவ்வளவு ஏறுகிறது என்று உங்களுக்கே தெரியாது, தோல் வெந்துபோக வாய்ப்புண்டு.

இன்னொன்று: வலி தேய்மானத்தால்தானா? முழங்கால் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் அது தொற்றாக இருக்கலாம். மூட்டு பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவது, விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாதது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றில் எது இருந்தாலும் டென்ஸால் வலியை மறைக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

படி 2: கருவியைத் தேர்ந்தெடுப்பது

விலையை விட நான்கு விஷயங்களைப் பாருங்கள். இரண்டு சேனல் இருக்க வேண்டும், அதாவது நான்கு பேடுகள், ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி அளவுக் கட்டுப்பாடு. துடிப்பின் வேகத்தை 2 முதல் 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை துடிப்பு) வரையாவது மாற்ற முடிய வேண்டும். ஒவ்வொரு துடிப்பின் அகலத்தை 200 மைக்ரோ செகண்ட் வரையாவது ஏற்ற முடிய வேண்டும். கடைசியாக, இடுப்பில் மாட்ட கிளிப் இருக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் பயிற்சி செய்ய முடியாது.

பல கருவிகளில் இஎம்எஸ் என்று இன்னொரு வகையும் சேர்ந்திருக்கும். அது தசையைச் சுருங்க வைப்பதற்கானது, வலிக்கானது அல்ல. தவறிப்போய் அதில் போட்டுவிட்டு, கால் வெட்டி வெட்டி இழுக்கிறது என்று பயந்துவிடாதீர்கள்.

படி 3: தோலும் பேடும்

சோப்பும் தண்ணீரும் கொண்டு முழங்காலைச் சுற்றிக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். எண்ணெயோ க்ரீமோ வலித் தைலமோ இருந்தால் பேட் ஒட்டாது. தைலத்தின் மேல் ஒட்டினால் தோல் எரியும். முடி அதிகமாக இருந்தால் கத்தரியால் குட்டையாக்குங்கள். சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், அந்த இடத்தில் மின்சாரம் குத்தும்.

5 சென்டிமீட்டர் சதுரப் பேடுகள் முழங்காலுக்குச் சரியாக இருக்கும். பேடைப் பிளாஸ்டிக் தாளிலிருந்து உரிக்கும்போது ஓரத்தைப் பிடித்து உரியுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பயன்படுத்திய பின் அதே தாளில் ஒட்டி, பையில் போட்டு மூடி வைத்தால் 20, 30 தடவை வரை ஒட்டும். பசை காய ஆரம்பித்தால் ஒரு துளித் தண்ணீரை விரலால் தடவலாம். ஓரம் எழும்பத் தொடங்கிய பேடைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பாதி ஒட்டிய பேடில் அதே மின்சாரம் சின்ன இடத்தில் குவிந்து சுருக்கென்று குத்தும். ஒரு ஜோடிப் பேடைக் காப்பாற்ற முயன்று தோலைக் கெடுத்துக்கொள்வதில் பொருளில்லை.

படி 4: எங்கே ஒட்டுவது

நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை லேசாக மடித்துக்கொள்ளுங்கள். முழங்கால் சில்லுக்கு மேலே உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. சில்லுக்குக் கீழே உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. சில்லின் மேலேயே ஒட்ட வேண்டாம். பேடுகளுக்கு இடையே குறைந்தது ஒரு பேட் அகலம் இடைவெளி வேண்டும். ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் உள்ளே போகாமல் மேலோடு ஓடிவிடும்.

இனி ஒயர். முதல் சேனலின் ஒரு முனை மேல் உட்பக்கத்துக்கும், மறுமுனை கீழ் வெளிப்பக்கத்துக்கும் போகட்டும். இரண்டாவது சேனல் மேல் வெளிப்பக்கத்திலிருந்து கீழ் உட்பக்கத்துக்கு. இப்படிக் குறுக்காக இணைத்தால் இரண்டு பாதைகளும் மூட்டைத் தாண்டிச் செல்லும். வலி உட்பக்கத்தில் மட்டும் இருப்பவர்கள் ஒரே சேனலை உட்பக்கத்திலேயே, வலிக்கும் கோட்டுக்கு மேலும் கீழுமாக ஒட்டிப் பார்க்கலாம். எந்த இடத்தில் வலி விலகுகிறதோ அதுதான் உங்களுக்குச் சரியான இடம். பேனாவால் தோலில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் மறுநாள் தேட வேண்டாம்.

படி 5: எண்களை அமைப்பது

துடிப்பின் வேகம் 80 முதல் 100 ஹெர்ட்ஸ், அகலம் 150 முதல் 200 மைக்ரோ செகண்ட் என்று தொடங்குங்கள். உடனடியாக, ஓடும்போதே பலன் வேண்டுமென்றால் இந்த அதிக வேகம்தான் வசதி. 2 முதல் 4 ஹெர்ட்ஸ் வரையான குறைந்த வேகம் தட்டித் தட்டித் தெரியும், தசையும் லேசாகத் துள்ளும். சிலருக்கு அணைத்த பிறகும் இதன் பலன் கொஞ்ச நேரம் நிற்கும். டிராமடால், மார்ஃபின் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்குக் குறைந்த வேகம் அவ்வளவாக எடுபடாது. மேலே சொன்ன ஏற்பிகள்தான் காரணம். அவர்கள் அதிக வேகத்திலேயே இருக்கட்டும்.

பழைய வகைக் கருவிகளில் பி, என், எம் என்று மூன்று எழுத்துகள் இருக்கும். பி என்றால் கொத்துக் கொத்தாகத் துடிப்பு, என் என்றால் ஒரே சீராக, எம் என்றால் தானாக மாறி மாறி. முதல் சில நாள் என்-ல் வைத்துப் பழகுங்கள்.

படி 6: அளவை ஏற்றுவது

பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். கருவியில் என்ன எண் காட்டுகிறது என்பது முக்கியமல்ல, உங்கள் தோலுக்கு என்ன தெரிகிறது என்பதே முக்கியம். இரண்டு சேனலும் பூஜ்யத்தில் இருக்கும்போது ஆன் செய்யுங்கள். ஒரு சேனலை மட்டும் ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். இன்னும் ஏற்றினால் குறுகுறுப்பு கனமாகி, பேட் இருக்கும் இடத்தைத் தாண்டி மூட்டுக்குள் பரவுவது போலத் தெரியும். இன்னும் ஏற்றினால் தொடைத் தசை இறுகும், அல்லது குத்தும். அந்தக் குத்தலிலிருந்து ஓரிரு புள்ளி கீழே இறக்குங்கள். 'பலமாக இருக்கிறது, ஆனால் தாங்க முடிகிறது' என்று சொல்லக்கூடிய இடம் அது. அடுத்து இரண்டாவது சேனலையும் அதே போல.

5 முதல் 10 நிமிடத்தில் உணர்வு மங்கிவிடும். கருவி நின்றுவிடவில்லை, நரம்பு பழகிக்கொண்டது. மறுபடி ஓரிரு புள்ளி ஏற்றுங்கள். ஓர் அமர்வில் மூன்று நான்கு தடவை இப்படி ஏற்ற வேண்டியிருக்கும். பலனே தெரியாத ஆய்வுகள் பலவற்றில் அளவு போதிய உயரத்துக்குப் போகவில்லை என்பது இந்தத் துறையில் நீண்டகாலமாக இருக்கும் விமர்சனம். வீட்டிலும் அதே தவறு நடக்க விடாதீர்கள்.

படி 7: ஓடும் நேரத்தில் எழுந்திருங்கள்

ஓர் அமர்வு 30 முதல் 60 நிமிடம். முதல் 10 நிமிடம் உட்கார்ந்து அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். வலி கொஞ்சம் விலகியதும் பெட்டியை இடுப்பில் மாட்டிக்கொண்டு எழுந்திருங்கள்.

முதலில் ஒரு சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, காலை நீட்டி, துண்டை 5 விநாடி கீழ்நோக்கி அழுத்துங்கள், 10 தடவை. தொடையின் முன்தசை கல்லாக இறுகுவதைக் கையால் தொட்டுப் பாருங்கள். அடுத்து, முழங்காலை மடிக்காமல் காலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி மெதுவாக இறக்குவது. பிறகு, கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. முடியாவிட்டால் நாற்காலியில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். கடைசியாகச் சமதரையில் நடை. வலி இருக்கும் முழங்காலில் மூளை தொடைத் தசையை முழுதாக இயங்க விடுவதில்லை. தசை மெலிகிறது, மெலிந்ததால் மூட்டின் மேல் சுமை கூடுகிறது, வலியும் கூடுகிறது. இந்தச் சுழற்சியை உடைக்கத்தான் அந்த ஒரு மணி நேரம்.

வலி மறைந்திருக்கும் நேரத்தில் பயிற்சி அளவு மீறிவிடும் ஆபத்தும் இருக்கிறது. மறுநாள் காலை முழங்கால் வழக்கத்தைவிட அதிகமாக வலித்தாலோ வீங்கியிருந்தாலோ, செய்த பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். கருவியை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, குளிக்கக் கூடாது, தூங்கக் கூடாது. பேடின் மேல் வெந்நீர்ப் பையும் வைக்கக் கூடாது.

முடிக்கும்போது முதலில் பூஜ்யத்துக்கு இறக்கி, ஆஃப் செய்து, அதன் பிறகே பேடை உரியுங்கள். தோல் லேசாகச் சிவந்திருப்பது சாதாரணம், கொஞ்ச நேரத்தில் போய்விடும். அரிப்பு, கொப்புளம், மறுநாளும் போகாத சிவப்பு என்றால் பேடின் பசை உங்களுக்கு ஒவ்வாதிருக்கலாம். தோல் ஆறும் வரை நிறுத்திவிட்டு, ஒவ்வாமை வராத வகைப் பேடை மாற்றிப் பாருங்கள்.

படி 8: உடல் பழகிப்போகாமல் பார்த்துக்கொள்வது

தினமும் ஒரே வேகம், ஒரே அளவு என்று போட்டால் ஒரு வாரத்துக்குள்ளேயே பலன் தேயத் தொடங்கலாம். அதனால் இரண்டாம் வாரத்திலிருந்து ஒருநாள் அதிக வேகம், ஒருநாள் குறைந்த வேகம் என்று மாற்றுங்கள், அல்லது எம்-ல் வையுங்கள். காஃபின் எடுத்தவர்களுக்கு டென்ஸின் பலன் குறைந்ததாக 1995-ல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. காபி அருந்தியவுடன் அமர்வைத் தொடங்காமல் சில மணி நேரம் தள்ளி வைத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

படி 9: தொடர்வதா விடுவதா

இரண்டு முதல் மூன்று வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். தினமும் இரண்டே எண்கள் போதும்: கருவி போடும் முன் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரும்போது 10-க்கு எத்தனை வலி, கருவி ஓடும்போது அதையே செய்தால் எத்தனை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வரும் வலியை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது நாளுக்கு நாள் தானாகவே ஏறி இறங்கும்.

வித்தியாசம் 2 புள்ளி அல்லது அதற்கு மேல் தொடர்ந்து வந்தால், தாராளமாகத் தொடருங்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் பேட் இடத்தை மாற்றி, அளவை ஏற்றி, இன்னொரு வாரம். அதிலும் இல்லையென்றால் நிறுத்துங்கள். ஓர் ஆய்வில் 75 முழங்கால் நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து அதிக வேகம், குறைந்த வேகம், போலிக் கருவி என்று கொடுத்தபோது மூன்று குழுவிலுமே வலி குறைந்தது. முதல் ஓரிரு நாள் கிடைக்கும் சுகத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

பலன் கிடைக்காதவர்களுக்கு வழி அடைந்துவிடவில்லை. தொடைத் தசை மிகவும் மெலிந்தவர்களுக்கு, பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் இஎம்எஸ் உதவலாம். மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் முழங்காலுக்கு நன்றாக வேலை செய்யும் மருந்து. அதிக எடை உள்ளவர்கள் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. இவை எதற்கும் அடங்காத வலிக்கு, முழங்காலுக்கு உணர்வு தரும் சிறு நரம்புகளை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் முறையும், கடைசியில் மூட்டு மாற்று அறுவையும் இருக்கின்றன.

பலன் கிடைத்தவர்களும் டென்ஸை வாழ்நாள் முழுக்கத் தினமும் போட வேண்டியதில்லை. நிறுத்தினால் உடல் ஏங்காது, வலி முன்பைவிட மோசமாகத் திரும்பாது. தசை வலுவாகி, கருவி இல்லாமலே பயிற்சி செய்ய முடிகிற நிலை வந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்து, பிறகு வலி கிளம்பும் நாள்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நீண்டநாள் எடுக்காமல் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். மறுபடி தொடங்கும்போது புதிய பேடுகளோடு, படி 6-ல் சொன்னபடி பூஜ்யத்திலிருந்தே தொடங்குங்கள். பழைய எண்ணுக்கு நேராகப் போக வேண்டாம்.